குருதியிற் புகும் கிருமிகள்



அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடக்கும் நோயாளர் பலருக்குக் கழுத்திலோ தோளருகிலோ உள்ள பெரிய நாளமொன்றினுள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி வைப்பர். மருந்தும் திரவ உணவும் அதன் வழியே செல்கின்றன. ஆயின், உயிர் காக்கும் அக்குழாயே கிருமிகளுக்கும் வாயிலாகி விடுதல் உண்டு. தோலிலுள்ள கிருமியோ, பணியாளரின் கையில் ஒட்டிய கிருமியோ அவ்வழியே குருதியை அடையுமாயின், காய்ச்சலும் நடுக்கமும் தோன்றும்; குருதியமுக்கம் வீழும்; சிறுநீரகம் முதலிய உறுப்புகள் தளரும்.

இதற்கு மருந்து இல்லையா என்று நீங்கள் வினவலாம். உண்டு, ஆனால் அதன் வலிமை தேய்ந்து வருகின்றது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், நோபல் பரிசு பெற்ற 1945ஆம் ஆண்டிலேயே, போதிய அளவில் உட்கொள்ளாவிடின் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும் என எச்சரித்தார். மருந்து எளிய கிருமிகளை அழிக்கின்றது. எஞ்சிய வலியவை பெருகுகின்றன. தம் ஆற்றலைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. இத்தகைய மருந்துகள் மிகுதியாய்ப் பயன்படும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவே இவற்றுக்கு நல்ல விளைநிலம். எதிர்ப்பாற்றல் பெற்ற பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, பீற்றர் புரொனோவோஸ்ற் என்னும் வைத்தியரின் வழிகாட்டலில் நூற்றுக்கு மேற்பட்ட அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஐந்து விதிகளைக் கைக்கொண்டன. கைகளைக் கழுவுதல், குழாய் செலுத்தும்போது நோயாளியின் உடலைத் தூய துணியால் முற்றாக மூடி, வைத்தியரும் தூய அங்கியும் கையுறையும் அணிதல், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல். இவற்றுள் புதிய மருந்து ஒன்றேனும் இல்லை. எனினும், 1000 குழாய் நாள்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த குருதித் தொற்று, ஒன்றரை ஆண்டளவில் 1.4 ஆகக் குறைந்தது. இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நேயர்களே, வராத தொற்றுக்கு மருந்து வேண்டியதில்லை. வேண்டாதவிடத்து வழங்கப்படாத மருந்து தன் கூர்மையை இழப்பதுமில்லை. இக்கடமை வைத்தியருக்கும் தாதியருக்கும் மட்டும் உரியதன்று. நோயாளியைக் காணச் செல்லுமுன்னும் கண்டு திரும்பிய பின்னும் கைகளைக் கழுவுங்கள். சாதாரண தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். இன்று நாம் வீணாக்கும் மருந்து, நாளை உயிருக்குப் போராடும் ஒருவருக்குப் பயன்படாது போதல் கூடும்.