உங்கள் தெரு வரைபடத்தில் இருக்கிறதா?



வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தில்லிக்கு வந்த தமிழர்கள் வழி கேட்டுக் கேட்டுத்தான் ஊரைக் கற்றார்கள். ஆனால் நள்ளிரவில் வரும் ஆம்புலன்ஸ் யாரிடம் வழி கேட்கும்? ஓட்டுநர் செல்போன் வரைபடத்தைப் பார்ப்பார். அதில் உங்கள் சந்து இல்லாவிட்டால்?

தெற்கு தில்லியில் சங்கம் விகார் என்ற பெரிய குடியிருப்பு இருக்கிறது. அங்கே சந்துக்குக் 'கலி' என்று பெயர். ஒரே கலி எண் பல பிளாக்குகளில் வரும். புதியவர் திண்டாடிப்போவார். அங்கீகாரம் பெறாத இத்தகைய குடியிருப்புகள் தில்லியில் 1,731 என்று 2019-இல் மத்திய அரசு கணக்கிட்டது. மக்கள் வீடு கட்டக் கட்ட உருவான சந்துகள் இவை. இவற்றை நன்றாக அறிந்தவர் யார்? தினமும் அங்கே நடப்பவர்தான்.

அவரே வரைபடமும் வரையலாம். அதற்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடம் உள்ளது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மக்கள் சேர்ந்து வரைகிறார்கள். கட்டணம் கிடையாது.

எப்படித் தொடங்குவது?

1. மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள்.

2. உங்கள் தெருவைத் தேடிப் பெரிதாக்குங்கள். 'திருத்து' என்பதை அழுத்துங்கள். வானிலிருந்து எடுத்த படம் தெரியும்.

3. புள்ளி, கோடு, பரப்பு என்று மூன்று கருவிகள் இருக்கும். கடைக்குப் புள்ளி. தெருவுக்குக் கோடு. பூங்காவுக்குப் பரப்பு.

4. தெரு தொடங்கும் இடத்தில் அழுத்துங்கள். ஒவ்வொரு வளைவிலும் அழுத்துங்கள். முடியும் இடத்தில் இருமுறை அழுத்துங்கள். கோடு பெரிய சாலையோடு இணைய வேண்டும். இணையாவிட்டால், வழிகாட்டும் செயலி அந்தத் தெருவுக்குள் வழி காட்டாது.

5. தெருவின் வகையைக் குறியுங்கள். இது மிக முக்கியம். ஆள் மட்டும் நடக்கும் சந்தை வண்டிப் பாதை என்று குறித்தால், ஆம்புலன்ஸ் நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

6. பெயரை எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிச் சேமியுங்கள்.

வேறு வரைபடத்தைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் பெயர்களை எழுதாதீர்கள். சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

இங்கே வரைவது கூகுள் வரைபடத்தில் தானாக வந்துவிடாது. ஆனால் இதை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இதைக் கொண்டே வழி காட்டுகின்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அப்போது தன்னார்வலர்கள் இந்த வரைபடத்தின் மேல்தான் ஓர் இணையப் பக்கம் அமைத்தார்கள். நீர் நிற்கும் தெருக்களை மக்களே அதில் குறித்தார்கள்.

வரைபடம் ஒருமுறை வரைந்தால் முடிந்துவிடாது. 2025 ஜூன் 1-ஆம் தேதி, தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். புது இடத்தில் பள்ளி எங்கே? பஸ் நிறுத்தம் எங்கே? ரேஷன் கடை எங்கே? முதலில் போனவர் குறித்து வைத்தால், அடுத்து வருபவர் அலைய வேண்டாம்.

ஊர் முழுவதையும் ஒருவரே வரைய முடியாது. ஒரு சந்தை வரையலாம் அல்லவா? இன்றே தொடங்குங்கள்!