ஆட்டநாள் ஏடுகள்

இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் பார்க்கச் செல்வோர் மைதானத்து வாயிலில் வாங்கும் சிறு ஏடொன்று உண்டு. புரோகிராம் என்பது அதன் பெயர். அன்று மோதும் இரு கழகங்களின் ஆட்டக்காரர் பெயர்கள், முகாமையாளரின் குறிப்பு, சென்ற ஆட்டங்களின் விபரம், உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் ஆகியன அதில் இடம்பெறும். ஆட்டம் முடிந்ததும் ஏட்டின் பயனும் முடிந்துவிடுகிறது. ஆயினும் அதனை ஆயுள் முழுவதும் பேணிவைப்போர் பலர். அவர்கள் எந்த அளவுகோல் கொண்டு ஏடுகளை மதிப்பிடுகின்றனர்?

அக்காலத்தில் இவ்வேடு இன்றி ஆட்டத்தை முற்றாக அறிதல் அரிது. வேறு மைதானங்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஏட்டில் ஆங்கில எழுத்துக்கள் அடையாளமாக இடப்பட்டிருக்கும். இடைவேளையில் மைதானத்துப் பலகையில் அவ்வெழுத்துக்களின் கீழ் கோல் எண்ணிக்கையைத் தொங்கவிடுவர். ஏட்டைக் கையில் வைத்திருந்தவருக்கே அப்பலகை பேசும். ஆட்டக்காரர் எவரேனும் மாற்றப்பட்டால், அச்சிட்ட பெயரைப் பென்சிலால் வெட்டிப் புதிய பெயரை எழுதிக்கொள்வர்.

சந்தையின் கணக்கோ வேறு. பழமை, அருமை, கெடாத நிலை ஆகிய மூன்றையே வணிகர் நோக்குவர். 1882 ஆம் ஆண்டின் எஃப். ஏ. கிண்ண இறுதியாட்ட ஏடு ஒன்று, 2013 இல் லண்டன் ஏலத்தில் 35,250 பவுணுக்கு விலைபோனது. இரண்டாம் உலகப்போரின்போது கடதாசித் தட்டுப்பாட்டால் ஏடுகள் ஒற்றைத் தாளாகச் சுருங்கின. அவற்றுள் எஞ்சியவற்றுக்கும் நல்ல மதிப்புண்டு. மடிப்பு, கம்பித் துரு, பென்சில் எழுத்து ஆகியன விலையைக் குறைக்கும். சில கழகங்கள் ஏட்டில் ஒரு சீட்டை அச்சிட்டன. அதனை வெட்டி ஒட்டிச் சேர்த்தவருக்கே பெரிய ஆட்டங்களின் நுழைவுச்சீட்டில் முன்னுரிமை கிடைத்தது. சீட்டு வெட்டப்பட்ட ஏட்டை வணிகர் குறையுடையது என்பர். ஆனால், அந்த வெட்டு ஓர் ஆதரவாளர் வாரந்தோறும் மைதானத்துக்கு வந்தமைக்குச் சான்றன்றோ?

இவ்விரு அளவுகோல்களும் வேறுபடுமிடத்தை 1958 ஆம் ஆண்டின் இரு ஏடுகள் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டு பெப்ரவரி 6 இல் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைட்டெட் குழுவினர் சென்ற விமானம் விபத்துக்குள்ளானது. 23 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர். இரு நாட்களின் பின் உல்வஸ் கழகத்துடன் நிகழவிருந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கென அச்சிட்ட ஏடுகளுள் மிகச் சிலவே எஞ்சின. ஆதலால் அவற்றின் விலை மிகவும் உயர்ந்தது. ஆனால் அது ஆடப்படாத ஆட்டத்தின் ஏடு.

பெப்ரவரி 19 இல் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகத்துடன் கிண்ண ஆட்டம் நிகழ்ந்தது. யுனைட்டெட் சார்பில் ஆடப்போவோர் யாவர் என ஏடு அச்சாகும்போது எவரும் அறியார். ஆகவே பதினொரு பெயர்களுக்கும் உரிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. ஏறத்தாழ 60,000 பேர் திரண்ட அவ்வாட்டத்தின் ஏடுகள் அத்துணை அரியன அல்ல. வந்தவர்களுட் பலர் அவ்வெற்றிடங்களில் ஆட்டக்காரர் பெயர்களைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டனர். யுனைட்டெட் 3-0 என வென்றது. எழுத்தில்லாத பிரதியே தூயது என்பது சந்தையின் தீர்ப்பு. துயருற்ற ஊர் ஒன்று தன் கழகம் மீண்டும் எழுந்ததைக் கண்ணாற் கண்டு எழுதிய எழுத்தைக் கறை எனல் ஆதரவாளருக்கு இயலுமா?

ஆட்டந்தோறும் ஏடு வெளியிட வேண்டுமென்ற கட்டாயத்தை இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு லீக் கழகங்கள் 2018 இல் வாக்கெடுத்து நீக்கின. செய்திகள் கைத்தொலைபேசியில் உடனுக்குடன் கிடைக்கும் காலத்தில் ஏட்டின் தேவை குறைந்தது இயல்பே. அதனாலேயே பழையவற்றைப் பேணும் பொறுப்பு கூடுகிறது.

சேர்க்கப் புகுவோர் தம் கழகத்தின் ஏடுகளையும் தாம் நேரிற் கண்ட ஆட்டங்களின் ஏடுகளையும் முதலிற் சேர்த்தல் நன்று. புகழ்பெற்ற ஆட்டங்களின் ஏடுகளுக்கு மறுபதிப்புகள் உண்டு. ஆதலால் தாளையும் அச்சையும் ஒப்புநோக்கியே வாங்குதல் வேண்டும். ஈரமும் வெயிலும் ஏடுகளுக்குப் பகை. கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டுதல் மேலும் கேடு. யாரோ ஒருவர் ஓரத்தில் எழுதிய கோல் கணக்கை விலை கருதி அழிப்பானால் துடைத்தலும் கூடாது.