வானத்தில் தெரிந்தது என்ன?



2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டரை மணி வாக்கில் மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று பறப்பதை அங்கிருந்தவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். உடனே வான்வெளி மூடப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து வந்த விமானம் குவாஹாட்டிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஹாசிமாரா விமானப்படைத் தளத்திலிருந்து ரஃபேல் போர் விமானம் கிளம்பித் தேடியது. எதுவும் அகப்படவில்லை. இரண்டாவது ரஃபேலும் போய் வெறுங்கையோடு திரும்பியது. விமான நிலையத்தில் பார்த்தவர்கள் சொன்னதை வைத்தே வான் பாதுகாப்பு ஏற்பாட்டை முடுக்கிவிட்டதாகவும், அந்தச் சிறிய பொருள் பிறகு தென்படவில்லை என்றும் விமானப்படையின் கிழக்குப் பிராந்தியம் அறிவித்தது.

அவ்வளவுதான். பறந்தது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ராணுவம் கேட்கும் முதல் கேள்வி வேறு: இதனால் ஆபத்து உண்டா? மணிப்பூர் கலவரத்தில் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. பக்கத்திலேயே மியான்மர் எல்லை. ஒரு சின்ன ட்ரோன்கூட அங்கே பெரிய விஷயம். ஆபத்து இல்லை என்று தெரிந்தால் படையின் வேலை முடிந்தது. பார்த்தவர் மனத்தில் உள்ள கேள்விக்கு விடை தேட வேறு ஆள் வேண்டும்.

2012இல் லடாக்கில் அந்த ஆள் கிடைத்தார். பாங்காங் ஏரிப் பக்கம் காவல் நின்ற வீரர்கள், சீன எல்லையிலிருந்து மஞ்சள் நிற ஒளி உருண்டைகள் எழுந்து மணிக்கணக்கில் மெல்ல நகர்வதாகத் திரும்பத் திரும்பத் தகவல் அனுப்பினார்கள். ராடாரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஒன்றும் பதிவாகவில்லை. ஆளில்லா விமானத்தை ஏவினார்கள், அதற்கும் எட்டவில்லை. கடைசியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அழைத்தார்கள். நம் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கிகளை நடத்துகிற அதே நிறுவனம். விஞ்ஞானிகள் கேட்டது எளிய குறிப்பு: ஒளி எத்தனை மணிக்குத் தெரிகிறது, சுற்றியுள்ள நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்கிறது? விடை வந்தது. ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். அந்த உயரத்தில் காற்று மெலிந்து தெளிவாக இருப்பதால் கோள்கள் அப்படிச் சுடர்விடுகின்றன. வீரர்கள் பார்த்தது பொய்யல்ல. வானில் ஒளி இருந்தது.

இத்தகைய விசாரணை அமெரிக்காவில் முன்பே நடந்தது. அங்கே 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்டு என்ற வியாபாரி, தன் சிறு விமானத்தில் போகையில் ரெய்னியர் மலை அருகே ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். ராணுவ அதிகாரிகள் இருவர் அவரை நேரில் விசாரித்தார்கள். பின்னர் அமெரிக்க விமானப்படை இதற்கென்றே திட்டங்கள் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான 'புளூ புக்' திட்டம் 1969இல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் இல்லை என்பதாலேயே அவை வேற்றுக்கிரகக் கலம் ஆகிவிடாது. குறிப்பு போதாமல் விசாரணை முட்டி நின்றவையும் அவற்றில் உண்டு.

அதனால் மக்காச்சோளக் காட்டுக்கு இரவுக் காவல் போகிறவர் புதிதாய் ஏதேனும் ஒளியைப் பார்த்தால், ஊர் கேலி செய்யுமோ என்று மறைக்க வேண்டாம். மணியைக் குறிக்கட்டும். எந்தத் திசை, பனைமரத்துக்கு மேலா கீழா, சத்தம் கேட்டதா, மேகத்துக்குள் மறைந்ததா என்று அப்போதே எழுதிக்கொள்ளட்டும். செல்போனில் படம் எடுத்தால் மரமோ கூரையோ சேர்ந்து தெரியும்படி எடுக்க வேண்டும். வெறும் வானத்தில் ஒரு புள்ளியை வைத்து உயரத்தையோ வேகத்தையோ கணிக்க இயலாது. நூல் பிடித்தாற்போல் வரிசையாக விளக்குகள் நகர்ந்தால் அவை பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். பொருள் எதுவும் தரையில் விழுந்து கிடந்தால் தொடாமல் 112 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.