கதையை முடிக்கும் உரிமை



பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வெளிவரும் ஒரு கதையை விடாது படித்து வருவோர்க்கு இரண்டு ஆசைகள் உண்டு. கதை எவ்வாறு முடியும் என்பதை அறிந்துவிட வேண்டும் என்பது ஓர் ஆசை. கதை முடிந்துவிடக் கூடாது என்பது மற்றோர் ஆசை. இவை ஒன்றோடொன்று முரண்பட்டவை. ஆயினும் ஒரே நெஞ்சில் இரண்டும் குடியிருக்கின்றன. கதாசிரியர் தமது கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ என்று எழுதும் நாளில் இந்த முரண்பாடு வெளிப்பட்டே தீரும்.

சார்லெய்ன் ஹாரிஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளருக்கு அத்தகைய நாள் 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் எழுதி வந்த இரத்தக் காட்டேரிக் கதைத் தொடரை, பதின்மூன்றாவது நாவலோடு அவர் முடித்து வைத்தார். அந்த முடிவு அவருக்குப் புகழ்மாலையைக் கொண்டுவரவில்லை, வசைமழையைக் கொண்டுவந்தது. அதன் காரணத்தையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், இரத்தக் காட்டேரி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுவது நலம். நம்மவர் வேப்பமரத்தடியில் அஞ்சும் காட்டேரி வேறு. ஐரோப்பியர் ‘வாம்பயர்’ என்று அழைப்பது, இறந்த பின்னும் இறவாமல், பகலெல்லாம் சவப்பெட்டியிற் கிடந்து, இரவில் எழுந்து, உயிருள்ளோரின் இரத்தத்தைக் குடித்து வாழும் பிணத்தை. அயர்லாந்துக்காரராகிய பிராம் ஸ்டோக்கர் 1897 இல் எழுதிய ‘டிராகுலா’ இவ்வகைக் கதைகளுள் தலைசிறந்து விளங்குவது. நம் நாட்டாருக்கும் இச்சொல்லோடு ஒரு சிறு தொடர்பு உண்டு. ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் சொன்ன கதைகளை 1870 இல் தம் மொழியில் எழுதியபோது, வேதாளத்துக்கு ‘வாம்பயர்’ என்றே பெயர் சூட்டினார். வேதாளம் இரத்தம் குடிப்பதன்று. பிணத்தினுட் புகுந்து பேசுவது. எனினும் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அந்த வேதாளத்திடம் நாம் பின்னர் மீண்டும் வருவோம்.

ஹாரிஸ் அம்மையார் 1951 இல், மிசிசிப்பி மாநிலத்து டூனிக்கா என்னும் ஊரிற் பிறந்தவர். பருத்தி விளையும் ஆற்றுச் சமவெளி அது. வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் வெவ்வேறு பாடசாலைகளிற் படிக்க வேண்டும் என்று சட்டமே வகுத்திருந்த காலமும் அது. அவரது முதல் நாவல் 1981 இல் வெளிவந்தது. அதன் பின் இருபது ஆண்டுகள், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, துப்பறியும் நாவல்களை எழுதி வந்தார். அவற்றை மதித்துப் படித்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்புகழ் வரவில்லை.

அந்நிலையில் அவர் ஒரு புதிய துணிவு கொண்டார். கொலையும் துப்பறிதலும், காதலும், நகைச்சுவையும், இரத்தக் காட்டேரியும் ஒரே கதையிற் கலந்தால் என்ன என்று எண்ணினார். அக்கலவையை எந்த அலுமாரித் தட்டில் வைப்பது என்று தெரியாமற் பதிப்பாளர் பலர் மறுத்தனர். இறுதியில் 2001 இல் ‘டெட் அண்டில் டார்க்’ என்ற பெயரோடு, மலிவுப் பதிப்பாக அது வெளிவந்தது. ‘இருள் வரும்வரை பிணம்’ என்று அப்பெயரைத் தமிழில் ஒருவாறு சொல்லலாம். மாயப் பிறவிகள் பழைய கோட்டைகளில் ஒளிந்திராமல், மின்விளக்கும் மோட்டார் வண்டியும் உள்ள இன்றைய ஊர்களிலே நம்மிடையே உலவுவதாக எழுதப்படும் ஒரு நாவல் வகை அப்பொழுது வளர்ந்து வந்தது. அவ்வகையின் பெயர்பெற்ற நூல்களுள் ஒன்றாக இதுவும் ஆயிற்று.

கதை நடக்கும் இடம், லூசியானா மாநிலத்தின் வடபகுதியில் ஆசிரியர் கற்பனை செய்த பொன் தாம் என்னும் சிற்றூர். யப்பானியர் செயற்கை இரத்தத்தைக் கண்டுபிடித்துப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்குகின்றனர். இனி மனிதரைக் கடிக்க வேண்டிய தேவை இல்லை என்று கூறிக்கொண்டு, அதுவரை மறைந்திருந்த காட்டேரிகள் உலகறிய வெளிப்பட்டு, குடியுரிமை கேட்கின்றன. ஊரிற் சிலர் அவற்றை வரவேற்கின்றனர். சிலர் கொளுத்த வருகின்றனர். டூனிக்காவில் வளர்ந்த ஒருவருக்கு இக்காட்சிகளை எழுதத் தொலைதூரம் போய்த் தேட வேண்டியிருந்திராது.

கதாநாயகி சூக்கி ஸ்டாக்ஹவுஸ் ஒரு மதுச்சாலையிற் பரிமாறும் இளம்பெண். பாட்டியோடு பழைய வீட்டில் வாழ்கிறாள். அவளுக்கு ஒரு சாபம் உண்டு. பிறர் மனத்தில் ஓடும் எண்ணங்களெல்லாம் அவள் காதில் விழும். புன்னகையோடு காசு தருபவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்பது அவளுக்குக் கேட்கும். இதனாற் படிப்பும் நிரம்பவில்லை, காதலும் கைகூடவில்லை. ஒருநாள் பில் கொம்ப்டன் என்னும் காட்டேரி மதுச்சாலைக்குள் வருகிறான். உயிரோடிருந்தபோது அமெரிக்க உள்நாட்டுப் போரிற் போர்வீரனாக இருந்தவன். அவன் மனத்திலிருந்து ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் இரைச்சலைக் கேட்டவளுக்கு அந்த அமைதி எத்தகைய ஆறுதல் என்பதை நேயர்கள் உணர்வீர்கள். காட்டேரியை ஒரு பெண் விரும்புவதற்கு இவ்வளவு பொருத்தமான காரணத்தை வேறெவரும் கற்பித்ததாக நான் அறியேன்.

பில்லுக்குப் பின் எரிக் நோர்த்மன் வருகிறான். ஆயிரம் ஆண்டு வயதுடைய வைக்கிங் மறவன். ஷ்ரீவ்போர்ட் நகரிற் காட்டேரிகளின் தலைவன். செருக்கும் நகைச்சுவையும் மிக்கவன். 2004 இல் வெளிவந்த நான்காம் நாவலில், சூனியத்தால் தன் நினைவை இழந்து, சூக்கியின் வீட்டில் அவன் அடைக்கலம் புகுகிறான். செருக்கு நீங்கிய அவனது அந்த இளகிய உருவத்திலேதான் வாசகர் பலர் மனத்தைப் பறிகொடுத்தனர். சூக்கி எரிக்கையே சேர வேண்டும் என்று அன்றே தீர்ப்பெழுதிவிட்டனர். 2008 இல் அலன் போல் என்பவர் இக்கதையை ‘ட்ரூ பிளட்’ என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராக்கினார். நூல்கள் உலகெங்கும் மேலும் பரவின. நூல் தொகை பெருகப் பெருக, வாசகர் தொகையும் பெருகியது. எரிக்கின் கட்சியும் பெருகியது.

மதுச்சாலையின் சொந்தக்காரன் சாம் மேர்லொட் இன்னொருவன். நினைத்தபோது விலங்காக உருமாறக்கூடியவன். ஆனால் மற்றையோரைப் போலப் பகலில் நடமாடுபவன், உண்பவன், மூப்பவன். முதல் நாவலிலிருந்து கடைசி நாவல்வரை சூக்கிக்கு வேலை தந்தவனும் தோழனும் அவனே. அவனை ஒரு காதலனாக எண்ணிப் பார்த்த வாசகர் சிலரே.

இனி 2013 ஆம் ஆண்டுக்கு வருவோம். ‘டெட் எவர் ஆஃப்டர்’ என்னும் கடைசி நாவல் மே மாதம் 7 ஆம் திகதி வெளிவர இருந்தது. அதற்கு முன்னரே முடிவு ஜேர்மனியிலிருந்து கசிந்துவிட்டது. எரிக் ஒக்லஹோமாவின் காட்டேரி அரசியைச் சேரப் போகிறான். சூக்கி சாமின் பக்கம் நிற்கிறாள். இச்செய்தி பரவியதும் வாசகருட் பலர் கொதித்தெழுந்தனர். படிக்குமுன்பே நூலைப் பழித்தனர். எரிக்கை அவள் சேராவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வோம் என்று ஆசிரியருக்கு எழுதியவர்களும் இருந்தனர். அப்பொழுது ஹாரிஸ் அம்மையாருக்கு வயது 61. முப்பதாண்டுக்கு மேலாக எழுதி வந்த ஒருவர், தம்மை மிகவும் நேசித்தவர்களிடமிருந்தே இத்தகைய கடிதங்களைப் பெற்றார்.

நேயர்களே, வசைமொழியையும் மிரட்டலையும் எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் அமைதியாகப் படித்து வருந்திய வாசகரின் முறைப்பாட்டை நாம் கேட்டேயாக வேண்டும். அது இது: பத்து நூல்களாக ஒருவனை வளர்த்துவிட்டு, அவனைக் கதையிலிருந்து அகற்றுவதற்கு ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைக் கொண்டு வந்தது முறையா? எரிக்கைக் காட்டேரியாக்கியவன் தான் அழியுமுன் செய்து வைத்த ஏற்பாடுதான் அவனை அரசியிடம் அனுப்புகிறது. காதல் காதலால் முடியவில்லை, பத்திரத்தால் முடிந்தது என்று அவர்கள் குறைபட்டனர். இதில் உண்மை உண்டு. கடைசி நாவல்களிற் பல இடங்கள் விரைந்து கடக்கப்பட்டுள்ளன என்பதும் உண்மையே.

எனினும் முடிவு திடீரென வந்தது என்று மட்டும் சொல்ல இயலாது. 2012 இல் வெளிவந்த பன்னிரண்டாம் நாவலை நினைவுகூருங்கள். தேவதைக் குலத்தார் செய்த ஒரு மந்திரப் பொருள் சூக்கியின் கையில் இருக்கிறது. அது ஒரே ஒரு வேண்டுதலை நிறைவேற்றும். அதைக் கொண்டு அவள் ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிப்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். அவளோ, சாம் கொல்லப்பட்டு வீழ்ந்த கணத்தில், யோசியாமலே அதைச் செலவிட்டு அவன் உயிரை மீட்கிறாள். அவளுடைய தெரிவு அங்கே நிகழ்ந்துவிட்டது. பத்திரம் அதன் பின் வந்த முத்திரை மாத்திரமே.

இன்னும் பின்னே செல்வோமாயின், முதல் நாவலிலேயே விடை இருக்கிறது. சூக்கி வெய்யிலை விரும்புகிறவள். வேலையில்லாத நாட்களில் முற்றத்திற் சாய்ந்து கிடந்து வெய்யில் காய்வதே அவளுக்குப் பெரிய இன்பம். அவளை விரும்பிய காட்டேரிகளோ சூரியனைக் கண்டால் எரிந்து போகிறவர்கள். அவர்களுள் ஒருவனோடு என்றும் வாழ்வதாயின், ஒன்று அவளும் பிணமாக வேண்டும். அன்றேல், என்றும் இளையவனாக இருப்பவன் அருகே அவள் மட்டும் மூத்து நரைக்க வேண்டும். சூக்கி காட்டேரியாக மாறமாட்டாள் என்று ஆசிரியரும் தொடர் முடியுமுன்பே பன்முறை கூறியிருந்தார். அந்தச் சொல்லின் பொருளை வாசகர் காதில் வாங்கவில்லை. இறவாமையை மறுத்து, வெய்யிலையும் மூப்பையும் தெரிந்துகொள்ளும் பெண்ணின் கதை அது. வேறு முடிவு அமைந்திருந்தால், முதற் பக்கத்தில் நாம் சந்தித்த சூக்கி அழிந்திருப்பாள்.

வாசகரின் வேண்டுகோளுக்கு இணங்கிய ஆசிரியரும் உண்டு. ஆர்தர் கொனன் டொயில் 1893 டிசெம்பரில் ஷெர்லொக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் ஆத்திரமடைந்தனர். 1903 இல் அவர் ஹோம்ஸை உயிரோடு திருப்பி அழைத்தார். அதனாற் பல நல்ல கதைகள் நமக்குக் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் துப்பறிவோனுடைய கதை ஒவ்வொரு வழக்கோடும் முடிவது; அவன் வாழ்க்கை முழுவதையும் தழுவி நிற்பதன்று. சூக்கியின் கதையோ ஒரு பெண் எத்தகைய வாழ்வைத் தேர்வாள் என்ற ஒரே கேள்வியில் தொங்கியது. கேள்விக்கு விடை வந்தபின் கதையை நீட்டினால், அந்தத் தொடரே ஒரு காட்டேரியாகிவிடும். இறக்க மறுக்கும், எழுதுபவரின் இரத்தத்தைக் குடித்து உலவும். சொல்ல வேண்டிய கதையைச் சொல்லி முடித்துவிட்டதாக உணர்ந்தே ஹாரிஸ் அம்மையார் நிறுத்தினார். அது வருவாயைக் கருதிய செயலன்று. தொடர் விற்பனையில் உச்சியில் இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது.

ஆயினும் அவரும் ஓர் இடத்தில் தளர்ந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் ‘ஆஃப்டர் டெட்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். கதை முடிந்தபின் எந்தப் பாத்திரம் என்னவாயிற்று என்பதை அகர வரிசையிற் சொல்லும் பட்டியல் அது. அந்நூலும் வாசகர் பலரை மகிழ்விக்கவில்லை. ஒருவர் யாரை மணந்தார், எங்கே குடியேறினார் என்ற விவரம் கதையாகாது அன்றோ? தொலைக்காட்சித் தொடரும் 2014 ஆகஸ்டில் முடிவடைந்தது. அதில் முடிவு வேறு. பில் அழிகிறான்; சூக்கி, நமக்கு முகம் காட்டப்படாத ஒரு கணவனோடு, கருவுற்ற பெண்ணாக விருந்து மேசையில் இருக்கிறாள். நூலும் நாடகமும் இரு வேறு வழியிற் சென்றும், சூக்கியை எந்தக் காட்டேரிக்கும் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஹாரிஸ் அம்மையார் 2014 இலேயே வேறொரு தொடரைத் தொடங்கிவிட்டார். எழுதும் கை ஓயவில்லை. ஒரு கதைதான் ஓய்ந்தது.

இப்பொழுது வேதாளத்திடம் திரும்புவோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் விடை சொல்வான். சொன்னவுடன் வேதாளம் மரமேறிவிடும். மீண்டும் கதை தொடங்கும். கடைசியில் ஒரு கேள்விக்கு மன்னன் விடை சொல்லாமல் மௌனமாக நடக்கிறான். அப்பொழுதுதான் அவன் சுமை இடம் சேர்கிறது. கேட்போர் இன்னுமொரு கதை வேண்டும் என்று விரும்பினாலும், சுமப்பவன் வாய் மூடாமற் கதைக்கு முடிவில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நாம் நேசித்த ஒரு கதை நாம் விரும்பாத விதமாக முடியும்போது வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் கதைக்கு நாம் செலுத்தும் மரியாதையுமாகும். ஆனால் ஆசிரியரை மிரட்டுமுன், முதற் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போமாக. அங்கே, முற்றத்து வெய்யிலில், விடை நமக்காகக் காத்திருக்கக்கூடும்.