ஓடாமல் நின்ற இரண்டு நாட்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சைக்கிள் பயணத்தைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். பார்த்த ஊர்களைச் சொல்லலாம்தான். ஆனால் சைக்கிள் ஓடாமல் நின்ற இரண்டு நாட்களைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவர சைக்கிளில் புறப்பட்டார்கள். அடி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவரே 1928 மார்ச்சில் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர்! கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 44 கிலோமீட்டர்தான் வரும். நல்ல சாலையில் அது மூன்று மணி நேர மிதி. மீதி நேரமெல்லாம் சக்கரம் உருளாத நேரம்தானே?

நானும் இரண்டு நண்பர்களும் கோலாலம்பூரிலிருந்து பழைய பெருஞ்சாலை வழியாகப் பினாங்குக்குக் கிளம்பியது சீனப் பெருநாள் விடுமுறையில். இரண்டாம் நாள் மாலை, கம்பாரை நெருங்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். என் பின்சக்கரத்தில் ஸ்போக் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. கியர் சைக்கிளில் சங்கிலிப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இறுக்கமாக இருக்கும். ஆளையும் மூட்டையையும் பெரிதும் சுமப்பதும் பின்சக்கரம்தான். ஒன்று போனாலும் சக்கரம் கோட்டமெடுத்து பிரேக் கட்டையில் உரசும். புதுக்கம்பி எங்களிடம் இருந்தது. ஆனால் பற்சக்கரத்தைக் கழற்றினால்தான் அதைக் கோக்க முடியும். அதற்கான சாவி கடையில்தான் இருக்கும். கடைகளோ பெருநாளுக்கு அடைப்பு! அவர்களைக் குறை சொல்லலாமா? தீபாவளியன்று நம்மை யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் நாம் போவோமா?

"நீ பஸ் ஏறி வீட்டுக்குப் போ, நாங்க போறோம்" என்றான் ஒருவன். பேச்சு வளர்ந்து, மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு நாள் பார்ப்பது. கடை திறக்காவிட்டால் பினாங்கை விட்டுவிட்டு ஈப்போவோடு முடித்துக்கொள்வது. முடிவு எடுத்த பிறகுதான் பசியே எடுத்தது!

கோயில் மண்டபத்தில் தங்கினோம். துணி துவைத்தோம். அங்கே ஈயலம்பத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர், "தம்பி, அறுந்த கம்பிய விடுப்பா. அதுக்கு ரெண்டு பக்கமும் உள்ளத அரைச் சுத்து தளர்த்து" என்றார். அந்த இரண்டும் சக்கரத்தை எதிர்ப்பக்கம் இழுப்பவை. தளர்த்தியதும் உரசல் நின்றது.

பெற்றோர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மோட்டார் பட்டறையில் கிடந்தால் அன்றைய சம்பளம் போச்சு. எங்களுக்குப் போனது பொழுது மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையிலும் கடை திறக்கவில்லை. என் மூட்டையை நண்பர்கள் பங்கு போட்டுக்கொள்ள, மெதுவாக ஈப்போவுக்கு மிதித்தோம். 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், நாலு மணி நேரம் ஆயிற்று. பஸ் ஏறச் சொன்னவன்தான் பெரிய பையைச் சுமந்தான். ஈப்போவில் கடை திறந்திருந்தது. கால் மணி நேர வேலை. பினாங்கைப் பார்க்காமலே திரும்பினோம்.

அந்தச் சாவியை இப்போது நானே வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பசியாறிய பிறகு, கோட்டமெடுத்த சக்கரம் உள்ளவர்கள் பள்ளி சைக்கிள் கொட்டகைக்கு வாருங்கள். அப்பாவும் கூட வந்தால் மிகவும் நல்லது. இறுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.