கருங்கல்லில் ஊறும் நீர்

சிதையாத கிரானைட்டில் துளையிடம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு பாறைக் கிணற்றில் நீர் ஊறுவது எப்படி?

மழைநீர் இறங்க இறங்க, முதலில் பாறையிலுள்ள கறுப்பு அபிரகம் உப்பும். சுற்றியுள்ள கனிம மணிகளில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே புகும் நீர் ஃபெல்ஸ்பார் கனிமத்தை அரித்து நுண்துளைகளாக்கும், மெல்லக் களிமண்ணாகவும் மாற்றும். குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சும். பல்லாயிரம் ஆண்டு வேலை இது!

வியப்பு என்னவென்றால், முழுக்கச் சிதைந்த மேலடுக்கில் துளைகள் ஏராளம். ஆனாலும் களிமண் அடைப்பதால் நீர் எளிதில் நகராது. அதன் கீழே, அரைகுறையாகச் சிதைந்து வெடித்த பாறையில்தான் நீரோட்டம் அதிகம். இன்னும் ஆழத்தில் வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துவிடும். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போடுமுன் இதை யோசியுங்கள். அதைவிட மழைநீரை நிலத்தில் இறக்குங்கள்.