மறைச்சொல்லும் கைப்பொருளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமும் அன்று, சமயமும் அன்று. கிரிப்டோ நாணயம் வைத்திருப்போர் அதனைத் திருடர் கையினின்றும் காத்துக்கொள்ளும் வகையும், ஒருகால் திருட்டுப் போயின் பின்னர்ச் செய்யத்தக்கனவுமே அது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். இந்நாணயத்தைக் காப்பன பூட்டும் இரும்புப் பெட்டியும் அல்ல, சில சொற்களே. சொல்லைப் பேணுதல் எம்மனோர் தொழிலாதலின், இது எமக்கு முற்றும் புறம்பானதன்று. அன்றியும், நம் இல்லங்களில் இந்நாணயம் வாங்கியுள்ள இளைஞர் பலர் உளர். அச்செய்தியை அறியாத பெற்றோரும் பலர் உளர். இவ்விருதிறத்தாரும் ஒருங்கிருந்து கேட்டற்கு இச்சங்கத்தினும் தக்க இடம் இல்லை.

இந்நாணயம் வாங்கத்தக்கதோ அன்றோ என்னும் வாதத்தில் யாம் புகுந்திலம். வாங்கியவர் அதனைத் திருடர்க்குக் கொடுத்துவிட்டு வருந்துதல் ஆகாது என்பதே எம் கருத்து.

முதற்கண், இது யாதென அறிதல் வேண்டும். நம் முன்னோர் கடை வைத்து வாழ்ந்தவர்கள். வரவும் செலவும் பேரேட்டிற் பதிந்து, அப்பேரேட்டைத் தம் பெட்டியிற் பூட்டிவைத்தனர். 2009ஆம் ஆண்டில் தொடங்கிய பிட்காயினும், அதன்பின் எழுந்த பிற நாணயங்களும் ஒரு பேரேட்டின்மேல் நிற்பனவே. ஆயின் அப்பேரேடு ஒருவர் பெட்டியில் இல்லை. அதன் படிகள் உலகெங்கும் எண்ணிறந்த கணிப்பொறிகளில் உள்ளன; பிட்காயினின் பேரேட்டை எவரும் பார்க்கலாம்; எழுதியதை எவரும் அழித்தற்கில்லை. அதிலே இன்ன முகவரிக்கு இவ்வளவு என்னும் கணக்கு மட்டுமே உண்டு. அத்தொகையைச் செலவிடும் உரிமை, அம்முகவரிக்குரிய இரகசியத் திறவுகோலை அறிந்தவர்க்கே. திறவுகோலைக் கொணர்ந்தவன் உடையவனோ கள்வனோ என்று அப்பேரேடு கேட்பதில்லை.

அத்திறவுகோல் மிக நீண்டதோர் எண். அதனை மாந்தர் எழுதிவைத்தற்கு எளிதாக, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களாக மாற்றித் தருகின்றனர். அவற்றையே மறைச்சொற்கள் என யாம் வழங்குகின்றோம். நம் இலக்கணத்திற் பொருள்கோள் எட்டு என்பதைப் பள்ளியிற் படித்தவர் அறிவர். மொழிமாற்றில் சொற்களை மாற்றிக் கூட்டியும், அடிமறிமாற்றில் அடிகளை முன்பின்னாக வைத்தும் பொருள் கொள்ளலாம். இம்மறைச்சொற்களிலோ ஒரு சொல் இடம் மாறினும் பொருள் இல்லை. ஈண்டுப் பொருள் என்றது கைப்பொருளை. அச்சொற்களை வேறொருவன் அறிந்தாலும் பொருள் இல்லை. உடையவர் மறந்தாலும் பொருள் இல்லை. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், இனி யாம் கூறுவன யாவும் எளிதின் விளங்கும்.

வங்கியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியிற் கடவுச்சொல்லை மறந்தால் அடையாளங் காட்டி வேறு பெறலாம். தவறாகச் சென்ற பணத்தை நிறுத்த மேலாளர் ஒருவர் இருக்கின்றார். வங்கி நொடித்தாலும், 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்புறுதி உண்டு. கிரிப்டோ நாணயத்திற்கு அத்தகைய காப்புறுதி இல்லை. பேரேட்டில் ஏறிவிட்ட செலவைத் திருப்புதற்கு மேலாளரும் இல்லை. ஆதலின் வருமுன் காத்தலே பெரும்பாலும் காப்பு.

நிற்க. இந்நாணயத்தை வைத்திருக்கும் வழி இரண்டு. ஒன்று, எக்ஸ்சேஞ்சு எனப்படும் வணிக நிலையத்தின் கணக்கிலேயே விட்டுவைத்தல். மற்றொன்று, வாலட் எனப்படும் சொந்தப் பணப்பையில் வைத்து, மறைச்சொற்களைத் தாமே காத்தல். முதலாவது வழியில் திறவுகோல் அந்நிலையத்தாரிடம் உள்ளது. நம்மிடம் இருப்பது அவர்கள் தருவோம் என்ற வாக்கு மட்டுமே. 2014 பிப்ரவரியில் ஜப்பானிய நகராகிய டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் நிலையம் ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களை இழந்ததாக அறிவித்து மூடியது. அவற்றுள் 2,00,000 பின்னர்க் கிடைத்தன. கடன் கொடுத்தோர்க்கு அந்நாணயங்களைத் திருப்பித் தரத் தொடங்கியது 2024 ஜூலையில். இடையிற் சென்றன பத்து ஆண்டுகள். நம் நாட்டிலே, 2024 ஜூலை 18ஆம் நாள் வசீர்எக்ஸ் நிலையத்தின் பணப்பையொன்றிலிருந்து 23 கோடி டாலருக்கு மேற்பட்ட நாணயங்கள் களவு போயின. ஒப்பமிட்டோர் திரையில் ஒன்று தோன்ற, ஒப்பம் பெற்றது வேறொன்றாயிற்று என அந்நிலையத்தார் கூறினர். வாடிக்கையாளர் தம் நாணயத்தை எடுக்கவியலாது ஓராண்டிற்கு மேல் காத்திருந்தனர். 2025 அக்டோபரிற்றான் நிலையம் மீளவும் திறந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள் பைபிட் என்னும் பெருநிலையம் ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை இழந்தது. இவ்விரு களவுகளுக்கும் காரணர் வட கொரியத் திருடர் என அமெரிக்க அரசினர் அறிவித்தனர்.

இவற்றால் அறியத்தக்கது யாது? நாள்தோறும் வாங்கி விற்றற்கு வேண்டிய சிறுதொகையை மட்டும் நிலையத்தில் வைத்து, நெடுங்காலச் சேமிப்பைச் சொந்தப் பணப்பையில், அதிலும் இணையத்தோடு எப்பொழுதும் இணைந்திராத தனிக் கருவியில் வைத்தல் நன்று. நிலையத்தைத் தேர்வுழி, நடுவண் அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவிற் பதிவு பெற்றதாகப் பார்த்துத் தேர்க. பதிவு, களவைத் தடுக்கும் அரண் அன்று. வழக்கென்று வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு விடையாகும்.

இனி, தனி மனிதரிடம் திருடர் வரும் வழிகளை நோக்குவோம். கணிதத்தை உடைத்துத் திறவுகோலைக் கண்டுபிடிக்க அவர் முயல்வதில்லை; அஃது இயலாது. உடையவர் வாயாலேயே சொல்லச் செய்வதே அவர் வித்தை. வாடிக்கையாளர் உதவி என்று தொலைபேசியில் அழைப்பர். உண்மைத் தளத்தைப் போன்றே பொய்த்தளம் அமைப்பர். பரிசு உண்டு என்பர். கணக்கு முடங்கும் என்று அச்சுறுத்துவர். பெயர் பலவாயினும் கேட்பது ஒன்றே. ஆதலின் ஒரு விதியை நெஞ்சிற் பொறித்துக்கொள்ளுங்கள்: மறைச்சொற்களைக் கேட்பவன், அவன் எவனாயினும், திருடனே. உண்மையான நிலையத்தார் ஒருபொழுதும் அவற்றைக் கேளார்.

மற்றைக் காவல்களைச் சுருங்கச் சொல்லுவோம். மறைச்சொற்களைத் தாளில் தெளிவாக எழுதி, வெவ்வேறான இரண்டு இடங்களிற் பூட்டிவைக்க. அவற்றைப் புகைப்படம் எடுத்தலும், மின்னஞ்சலில் அனுப்புதலும், கைப்பேசிக் குறிப்பில் எழுதுதலும் கூடா. கைப்பேசியிலுள்ள படங்கள் நாம் அறியாமலே இணையக் கிடங்கிற்குச் செல்லுகின்றன. நிலையத்துக் கணக்கிற்கும் அதற்குரிய மின்னஞ்சலுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். இரண்டாங் காவலாகக் குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யை மட்டும் நம்பற்க. சிம் அட்டை தொலைந்ததாகப் பொய்கூறி, நம் எண்ணைத் தன்பெயரில் வாங்கிக்கொள்ளும் திருடர் உளர். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி அதனினும் வலிது. நாணயத்தை அனுப்புமுன் முகவரியின் முதலும் இடையும் கடையும் ஒத்துப்பார்க்க. நாம் படியெடுத்த முகவரியை ஒட்டுமிடத்தில் மாற்றிவிடும் தீய நிரல்களும் உண்டு. பெருந்தொகையாயின் முன்னர்ச் சிறுதொகை அனுப்பி, அது சேர்ந்தமை கண்டு பின்னர் அனுப்புக. தொலைவிலிருந்து நம் திரையை இயக்கும் செயலியை, முன்பின் அறியாதார் சொற்கேட்டு நிறுவற்க.

பெற்றோர்க்கும் மனைவியர்க்கும் ஒரு சொல். சேமிப்பு உடையவர் திடீரென இறப்பின், மறைச்சொற்கள் இருக்குமிடம் தெரியாத குடும்பம் அச்செல்வத்தை என்றென்றைக்கும் இழக்கும். சொற்களை யாவர்க்கும் சொல்ல வேண்டுவதில்லை; முத்திரையிட்ட உறை இன்ன இடத்தில் உள்ளது என்று நம்பத்தக்க ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். நிலபத்திரம் இருக்கும் இடத்தை இல்லாளுக்குச் சொல்லிவைத்த நம் பாட்டனார் வழக்கமே இது.

இவ்வளவு காத்தும் களவு போயின் என் செய்வது? முதல் ஒரு மணிநேரம் பெரிது. எஞ்சிய நாணயம் இருப்பின், ஐயமற்ற வேறு கருவியிற் புதிய பணப்பை அமைத்து, புதிய மறைச்சொற்களின்கீழ் அதனை உடனே மாற்றுக. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுக. நிலையத்திற்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துக. பின்னர் 1930 என்னும் எண்ணை அழைத்தும், நடுவண் அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் எழுதியும் முறையிடுக. களவு நிகழ்ந்த நாளும் மணியும், பரிவர்த்தனை எண்ணும், பணம் சென்ற முகவரியும், திருடனோடு நடந்த உரையாடலும் ஒன்றும் அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். நாணயம் வேறொரு நிலையத்தை அடைந்தால் அங்கே அதனை முடக்குதற்கு அச்சான்றுகள் உதவும்.

கிரிப்டோ ஒரு பொருளே அன்று, இதற்குப் புகார் ஏன் என்று எவரேனும் கூறின் மனந்தளர வேண்டா. 2025 அக்டோபரில், வசீர்எக்ஸ் வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், நம் சென்னை உயர்நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்தே என உரைத்துள்ளது. அழியாப் பேரேடு திருடனுக்கும் பகையே. பிட்பினெக்ஸ் நிலையத்தில் 2016 ஆகஸ்டில் களவுபோன ஏறத்தாழ 1,20,000 பிட்காயின்களில் 94,000க்கு மேற்பட்டவற்றை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றியதாக அறிவித்தது 2022 பிப்ரவரியில். ஆயினும் அத்தகைய மீட்சி அரிது என்பதையும் மறைத்தல் ஆகாது. மேலும், இந்நாணய இலாபத்தின்மேல் 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி உண்டு. நட்டத்தை வேறு வருவாயிற் கழித்துக்கொள்ள இடமில்லை. ஆதலின் இழந்தாலும் வாழ்க்கை நிலைகுலையாத அளவிற்கே இதிற் பொருள் இடுதல் அறிவுடைமை.

இனி யாம் முடிவாகச் சொல்ல விரும்புவதே இச்சொற்பொழிவின் உயிர்நிலை. எம்மிடம் படித்த மாணவர் ஒருவர், நம் சங்கத்துக் குடும்பத்தினர், பொய்த்தளம் ஒன்றில் தம் பன்னிரு சொற்களையும் பதிந்து மூன்றாண்டுச் சேமிப்பை இழந்தார். இழந்த அன்றே அவர் எவரிடமும் சொல்லவில்லை. தந்தை சினப்பார், உறவினர் நகுவர், பெண் தருவோர் பின்வாங்குவர் என்று அஞ்சி நாற்பது நாள் வாய் மூடியிருந்தார். அந்நாற்பது நாளில் இரண்டாந் திருடன் வந்தான். இழந்ததை மீட்டுத் தருவோம், கட்டணம் மட்டும் முன்னர்ச் செலுத்துக என்றான். தமக்கையிடம் பொய்க்காரணம் சொல்லிக் கடன் பெற்று அதனையும் செலுத்தி இழந்தார். முதற் களவிற்குத் திருடன் காரணன். இரண்டாங் களவிற்கு நாம் அனைவரும் ஒருவகையிற் காரணர் அல்லமோ? இழந்தவனைப் பேராசைக்காரன் என்றும் மூடன் என்றும் நகுகின்ற ஊரில், இழந்தவன் எங்ஙனம் வாய் திறப்பான்? அவன் வாய் திறவா ஒவ்வொரு நாளும் திருடனுக்கு ஆதாயம்.

மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவன் அம்முதற் கூட்டத்தானாகவே இருத்தல் கூடும்; இழந்தார் பட்டியலை ஒருவர்க்கொருவர் விற்றலும் உண்டு. காவல் துறையும் நீதிமன்றமும் அன்றி வேறு எவர்க்கும் அவ்வாற்றல் இல்லை. துயர் மிகுந்து உறக்கமின்றி வருந்துவோர் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பொருள் போயிற்று என்பதற்காக உயிரும் மானமும் போயின என்று எண்ணுதல் பெரும்பிழை.

அன்பர்களே! நம் சங்கம் ஏழை மாணவர்க்குப் புத்தகம் தருகின்றது. மணவினைக்கு மண்டபம் தருகின்றது. இனி, பொருள் இழந்தார்க்குக் கேட்குஞ் செவியும் தருதல் வேண்டும். ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் முடிவிலும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கி, கணிப்பொறி கற்ற நம் இளைஞர் இருவர், புகார் எழுத அறியாதார்க்கு எழுதித் தருமாறு செயற்குழுவினர் ஏற்பாடு செய்ய வேண்டுகின்றோம். கேட்டதை வெளியே சொல்லாமையும், கேட்கும்பொழுது நகையாமையும் அவ்விருவர்க்கும் விதியாகுக.

மறைச்சொல்லை எவர்க்கும் சொல்லற்க. களவு போயினமையை மட்டும், அன்றைக்கே, நம்மவர்க்குச் சொல்லுக.